செத்தவன் திரும்பி வந்த பக்கம்

திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு சிறு நூலகத்தில் அவரைச் சந்தித்தேன். வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர். காக்கிச் சட்டை, முழங்கால்வரை காய்ந்த சேறு. சீனத்தின் பழைய போர்க்காவியம் ஒன்றைப் படித்துவந்தவர், அதற்கான வழிகாட்டி நூலை மேசைமேல் எறிந்தார்.

"செத்தவன் பத்து பக்கம் கழிச்சு குதிரையில வர்றான். ஒரே ஆளுக்கு ரெண்டு பேரு. இதுல ரெண்டு ஆளாப் பிரிச்சு, ஒருத்தன் செத்துட்டான்னு போட்டிருக்கான்."

நிலப் பத்திரத்தில் எழுதுவதுபோல், ஒவ்வொரு வீரனையும் 'இன்னார் என்கிற இன்னார்' என்று நோட்டில் தாமே எழுதிவைத்திருந்தார். பாதிப் பேர் இன்னும் பிடிபடவில்லை.

"லஸ்கருக்கு எதுக்குங்க சீனாக்காரன் கதை?" என்று நூலகர் சிரித்தார்.

"ஒரு வாய்க்காலுக்கு ரெண்டு பேரு இருந்தா, எதுன்னு தெரியாம நான் மதகைத் தொறக்குறதில்ல. புத்தகம் போடுறவனுக்கு அந்தப் பொறுப்பு வேணாமா?"

அந்தச் சிரிப்பை மன்னிக்க இயலாமல், நூலகரைக் கண்டிக்க நான் எழுந்தேன். அதற்குள் நூலகர், "பெயர்ப் பட்டியலோட நல்ல பதிப்பு ஒண்ணு இருக்கு. நான் இங்க வர்றதுக்கு முன்னாடி யாரோ படிச்சவரு எடுத்துட்டுப் போயி நாலு மாசமாத் திருப்பல" என்றார்.

லஸ்கரின் கோபம் தணிந்தது. "படிக்கிறவருகிட்டதானே இருக்கு. முடிச்சுட்டே தரட்டுங்க."

அந்தப் பதிப்பு என் வீட்டு அலமாரியில், முதல் பக்கம்கூடப் புரட்டப்படாமல் இருந்தது. மறுநாளே திருப்பிவிட்டேன். முகமறியாத அந்தப் 'படிச்சவர்'மேல் அவர் வைத்த மரியாதையை எப்படித் திருப்புவதென்றுதான் தெரியவில்லை.