மாடியில காயப்போட்ட பாட்டுத் தட்டு

ஏத்தா, அந்த மூணாவது வீட்டுக்காரியும் அவ மருமகளும் பேசி ஆறு மாசமாச்சாம்ல? மிக்சி ஜாரு உடைஞ்சதுக்காம். ஒரு ஜாருக்கே ஆறு மாசமின்னா, நான் செஞ்சு வச்ச காரியத்துக்கு எம் மருமக ஆறு வருசம் பேசாம இருந்திருக்கணும். சிரிக்காத. இங்கன உக்காரு, சொல்றேன். நீதான் பத்திரிகைக்கெல்லாம் எழுதிப் போடுறவளாச்சே, இதையும் எழுதிப் போடு. பேரு மட்டும் போட்ராத. ஏலக்காய் ஸ்டோர்ல என்கூட வேலை பாத்தவளுக தெரிஞ்சா விழுந்து விழுந்து சிரிப்பாளுக.

போன ஐப்பசியில, இதே போடியில, இந்த வீட்டு மாடியிலதான் நடந்துச்சு.

எம் மருமக பேங்குல இருக்கறது உனக்குத் தெரியும். அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு, அது உனக்குத் தெரியாது. சீமையில நாலு பேரு கிதாரும் கொட்டுமேளமுமா வச்சுக்கிட்டு, தொண்டை கிழியப் பாடுவானுக. ராக்குன்னு பேராம். அந்த நாலு பேருன்னா அவளுக்கு உசுரு. அதுவும் செல்லுல கேட்டா ஆகாது. தோசைக்கல்லு அகலத்துக்குக் கறுப்பா ஒரு தட்டு, அதச் சுத்த விட்டு மேல ஊசிய வச்சுத்தான் கேக்கணும். அவ அப்பா, எங்க சம்பந்தி, மலைமேல எஸ்டேட்டு ஆபீசுல இருந்தாக. எளவயசுல கொச்சிக்குப் போனப்ப அவுக வாங்கின தட்டு ஒன்னு. அவுக போய்ச் சேந்த பெறகு அது இவ கைக்கு வந்துச்சு. அட்டைக்குப் பின்னால அவுக கையெழுத்து இருக்கு. அதத் தொட்டுட்டுத்தான் தட்ட வெளிய எடுப்பா.

சரி, அது ஒன்னு போதும்ல? போதாது. அதே பாட்டு, அதே அட்டை, மேக்கொண்டு மூணு தட்டு வாங்கி வச்சிருந்தா. பழசு தீந்து போனா கம்பெனிக்காரன் திருப்பி அச்சடிச்சு விடுவானாம், ரீஇஷ்யூன்னு பேரு. ஒன்னு ஜெர்மனியாம், ஒன்னு ஜப்பானாம், இன்னொன்னு நீலக் கலர்ல ஊதுபத்திக் கவரு மாதிரி மினுமினுன்னு இருக்கும். எம் மகன் தலையில அடிச்சுக்குவான். "ஏலே, ஒரே சேலைய நாலு வாங்கியாந்திருக்காடா இவ"ன்னு நானும் அவன்கூடச் சேந்து கேலி பண்ணுவேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை என்னைய இழுத்து உக்கார வச்சுட்டா. "அத்தை, ஒவ்வொன்னா மாத்தி மாத்திப் போடுறேன். எது நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுங்க. இந்த வீட்டுல காது உள்ள ஆளு நீங்கதான்"னா. எனக்கு என்னத்தத் தெரியும்? நான் பண்ணைப்புரத்துல பொறந்தவ. ஊரு பேரச் சொன்னாலே எல்லாரும் பாட்டப் பத்தித்தான் பேசுவாக, அதோட சரி. பள்ளிக்கூடத்து வாசல்ல ஆடு மேச்சவ நான், உள்ள போனதில்ல.

ஆனா கேட்டேனா, அட, வித்தியாசம் இருக்குத்தா! இருவது வருசம் ஏலக்காய் பொறுக்குன கை இது. பாக்க எல்லாம் ஒரே பச்சைதான், அள்ளுனா தெரிஞ்சிரும் எது திரண்டது, எது பொக்குன்னு. அது மாதிரி காதுக்கும் தெரியுது. "ஜெர்மனிக்காரன் கொட்டு வயித்துல வந்து விழுகுது. ஜப்பான்காரன் எல்லாத்தையும் கழுவித் துடைச்சு அடுக்கி வச்சிருக்கான். உங்க அப்பா தட்டுல மட்டும் பாடுறவன் இந்தா பக்கத்துல உக்காந்து மூச்சு விடுறான்"னேன். அவ ஒரு நோட்ட எடுத்து நான் சொன்னத அப்பிடியே எழுதுனா. எனக்குக் கூச்சமாப் போச்சு. அதுக்குப் பெறகு ஞாயித்துக்கிழமை கறி எடுக்குறாகளோ இல்லையோ, தட்டு சுத்தாம இருந்ததில்ல.

இப்ப ஐப்பசிக்கு வாரேன். பத்து நாளா விடாத மழை. செவரெல்லாம் ஓதம். அலமாரியத் தொடைக்கலாம்னு தெறந்தா, சம்பந்தியோட தட்டு அட்டை மேல வெள்ளை வெள்ளையாப் பூசணம். உள்ள தட்டுலயும் ஒரு ஓரமாப் படை. அன்னைக்குன்னு பாத்து வெயிலு சுள்ளுன்னு அடிச்சுச்சு. பூசணம் பிடிச்சா நம்ம என்ன செய்வோம்? மிளகா வத்தலானாலும் புளியானாலும் மாடிக்குத்தான். மருமக பேங்குக்குப் போயிட்டா. வந்து பாத்து அசந்து போகட்டும்னு, பழைய வேட்டிய விரிச்சு, ஒரு பக்கம் மோர்மிளகா, ஒரு பக்கம் பாட்டுத் தட்டு. நல்ல வேளை, மொத மரியாதை சம்பந்திக்குத்தான்னு அவுக தட்ட மட்டும் போட்டேன். இல்லாட்டி நாலும் போயிருக்கும்.

ரேசன் கடைக்குப் போயி சீனி வாங்கிட்டு வந்து பாத்தா, தட்டு அப்பளம் மாதிரி வளைஞ்சு கெடக்கு! ஒரு ஓரம் மேல, ஒரு ஓரம் கீழ. தகப்பன் கையி பட்ட ஒத்தச் சாமானை வெயில்ல வாட்டி வச்சுட்டனே. அந்தப் பிள்ளை முகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?

கட்டைப் பையில வச்சு மேல சேலைய மூடி, தேனி பஸ்ஸப் பிடிச்சேன். அங்கன பஜார்ல ஒரு மைக்செட்டுக் கடை உண்டு. முன்னக் காலத்துல கல்யாணத்துக்கெல்லாம் இந்தத் தட்டுதான போடுவாக, தெரியாமயா இருக்கும்னு ஒரு நெனப்பு. கடைக்காரரு தலை நரைச்ச மனுசன், என்னைய முன்னப் பின்னப் பாத்ததில்ல. தட்ட வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நடந்ததச் சொன்னேன். "ஏத்தா, காயப்போட்டாச்சு, சரி. அடுத்து எண்ணெயில பொரிக்கலாம்னு இருந்தீகளா?"ன்னாரு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அதப் பாத்ததும் மனுசன் கேலிய நிறுத்திட்டாரு.

கடை ஷோகேசுல இருந்த ரெண்டு கனத்த கண்ணாடியக் கழட்டுனாரு. அதுல இருந்த சாமானையெல்லாம் தரையில எறக்கி வச்சுட்டு, கடையவே கலைச்சுப் போட்டாரு எனக்காக. தட்டத் தண்ணித் துணியால ஒத்தி ஒத்தித் தொடைச்சு, ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல வச்சு, வாசல் வெயில்ல இளஞ்சூடு ஏறுற வரைக்கும் காட்டுனாரு. பெறகு உள்ள கொண்டுபோயி, மேல ஆம்பிளிபயரு பெட்டிய ஏத்திட்டாரு. "ஆற ரெண்டு மணி நேரமாகும், போயிட்டு நாளைக்கு வாங்க"ன்னாரு. நான் அசையல. அங்கனயே ஸ்டூலப் போட்டு, டீயும் வடையும் வாங்கிக் குடுத்தாரு.

எடுத்துப் பாத்தா முக்காவாசி சரியாப் போச்சு. என்ன குடுக்கணும்னேன். "ஒன்னும் வேணாம்த்தா. இந்த மாதிரித் தட்டு கையில பிடிச்சுப் பல வருசமாச்சு. ஒரு பக்கம் கேட்டுக்கிறேன்"னு சொல்லி, தூசி பிடிச்ச பிளேயர எறக்கி, கல்யாணத்துக்குப் போடுற ஆளுயர ஸ்பீக்கர்ப் பெட்டியில மாட்டி விட்டாரு பாரு! சீமைக்காரன் கத்துன கத்துல டீக்கடையில நின்னவுக அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தாக. அவரு கண்ண மூடிக்கிட்டாரு. முடிஞ்சதும், "மொதப் பாட்டுல ஊசி ஏறி எறங்குது, இதுக்கு மேல சரியாகாது. உங்க மருமக கண்டுபிடிச்சிரும். நீங்களே சொல்லிருங்க"ன்னு கையில குடுத்தாரு.

சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரலத்தா. பழைய எடத்துலயே வச்சுட்டேன். மூணு நாளு சோறு எறங்கல.

ஞாயித்துக்கிழமை வந்துருச்சு. புதுசா ஒரு ரீஇஷ்யூ பார்சல்ல வந்திருக்குன்னு ஆசை ஆசையாப் பிரிச்சா. "அப்பா தட்டோட சேத்துப் பாப்போம், வாங்க அத்தை"ன்னு ஊசிய வச்சா. ஊசி ஆத்துத் தண்ணியில சருகு போற மாதிரி ஏறி எறங்குது. அவ குனிஞ்சு பாத்தா. அவ ஒரு வார்த்தை கேக்குறதுக்கு முன்னாடி, பூசணத்துல ஆரம்பிச்சு வடை தின்னது வரைக்கும் எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அவ தட்ட உறையில போட்டு, அட்டைக்குப் பின்னால அந்தக் கையெழுத்தத் தடவுனா. உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. "ஒரு தட்டுதானம்மா"ன்னான் எம் மகன். "நீ வாய மூடுடா"ன்னேன். அந்த வாரம் பூரா "சாப்பிடுங்க", "கரண்டு பில்லு கட்டிட்டேன்", அம்புட்டுத்தான் பேச்சு. வைதிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன். "அத்தை, வாங்க"ன்னு சத்தம். போனா, சம்பந்தி தட்டும் புதுசும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, நோட்டு மடியில இருக்கு. ரெண்டையும் போட்டா. "எது?"ன்னா. அவ மனசு குளுர, பழசுன்னு சொல்லிரலாம்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. பொய் வேண்டாம்னு, "மொதப் பாட்டுக்குப் புதுசுதான்த்தா, உங்க அப்பா தட்டுல குரலு தள்ளாடுது, நான் செஞ்ச கேடு. மத்த பாட்டுக்கெல்லாம் அவுக தட்டுதான்"னேன்.

என்னமோ எழுதுனா. என்னத்தா எழுதுனதுன்னு கேட்டேன். விரல் வச்சு வாசிச்சுக் காட்டுனா. "ஜெர்மனி, ஒன்னு. ஜப்பான், ஒன்னு. போடி, ஒன்னு. மாடி வெயில்ல மோர்மிளகாயோட காஞ்சது, தேனி பஜார்ல நிமுத்துனது. உலகத்துல வேற எவன் கிட்டயும் கிடையாது." வாசிக்கையிலேயே சிரிச்சுட்டா, கண்ணுல தண்ணியோட. நானும்தான்.

அந்த மைக்செட்டுக்காரருக்கு, அடுத்த பஸ்ஸுல மோர்மிளகா ஒரு டப்பா கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்தேன். "பொரிச்சிராதீக, சுத்த விட்டுக் கேளுங்க"ன்னேன், கடையே சிரிச்சுச்சு. கண்ணாடியக் கழட்டுன அந்தக் கைய நெனைக்காம நான் இன்னைக்கும் மாடிப்படி ஏறுறதில்ல. எழுத்துன்னா என்னன்னு தெரியாத எனக்கு, அந்த நோட்டுல நான் செஞ்ச தப்பு எந்தப் பக்கத்துல இருக்குன்னு மட்டும் தெரியும். அந்தப் பக்கத்தத் தடவிப் பாக்குறப்பல்லாம், என்னைய விட்டுப் போகாத ஒரு பிள்ளை வீட்டுல இருக்குன்னு நெஞ்சு நெறைஞ்சு போகுது. அய்யய்யோ, தூறல் போடுதுத்தா! மாடியில வத்தல் கெடக்கு, அந்த வேட்டி ஓரத்தப் பிடி, ஓடியா!