திருகு சுற்றுமா?

தி. நகரில் ஒரு துணிக்கடையின் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து கேமரா பழுதுபார்ப்பவர் அவர். ஒல்லியான உடல், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, காதிடுக்கில் ஒரு சிறு தூரிகை.

என் பழைய ஃபிலிம் கேமராவை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று கேட்கப் போயிருந்தேன். லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தது. என் பயமோ வேறு. உள்ளே இருந்த ஃபிலிம் சுருள், முதன்முறையாக நானே மாட்டியது; சரியாக மாட்டினேனா என்று தெரியாது. பக்கவாதம் வருவதற்கு முந்தைய வாரம் அம்மா முழு முகத்தோடு சிரித்ததை அதில்தான் எடுத்திருந்தேன். அதையும் அவரிடம் சொன்னேன்.

“பூஞ்சை கெடக்கட்டும், தொடச்சிக்கலாம்” என்றார். “நான் லீவரை இழுக்கறேன், மேல கீற, ஃபிலிமைத் திருப்பிச் சுத்தற இந்தத் திருகைப் பாரு. சுத்துச்சின்னா ஃபிலிம் ஓடிக்கினு கீது, படமும் கீது, தைரியமா வெச்சுக்க. சுத்தலன்னா உள்ள ஒண்ணும் பதியல. இத்த நம்பாத, மாத்திடு.”

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நீங்க பார்க்க மாட்டீங்களா?”

“உனக்குக் கண்ணு இன்னாத்துக்கு கீது? பாரும்மா.”

லீவர் நகர்ந்தது. திருகு அசையவில்லை என்றே முதலில் தோன்றியது. பிறகு மெல்லத் திரும்பியது.

“சுத்துது” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவருக்குக் கேட்டுவிட்டது. சுவரைப் பார்த்தபடியே, அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை நீளமாக விட்டார். இதற்கு முன் எத்தனை பேருடைய முகங்களைப் பார்த்த பிறகு அவர் சுவரைப் பார்க்கத் தொடங்கினார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.