திரைக்குப் பின்னே பகல் சோறு

ஊசியில் நூல் கோக்கும்போது தையல்காரர்கள் நூல் நுனியை வாயில் வைத்து நனைப்பார்கள். ஸுஹைறா அப்படிச் செய்து நதீரா பார்த்ததே இல்லை. மெசினுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். நூலை அதில் தொட்டு, இரண்டு விரலால் முறுக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோப்பாள். எத்தனையோ வருடமாக இப்படித்தான். கல்முனையில் அவளிடம் ஹபாயா அங்கி தைக்க வருகிறவர்கள், "ஸுஹைறாக்கு வஸ்வாஸ், எச்சில் எண்டா அருவருப்பு" என்று சிரித்துக்கொள்வார்கள். அவளும் கூடச் சிரிப்பாள்.

உண்மைக் காரணம் தங்கை நதீராவுக்கு மட்டும்தான் தெரியும். ஸுஹைறாவின் புருஷன் றிம்சான் வளைகுடாவில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து, மெலிந்து மெலிந்து மௌத்தானபோது, நெஞ்சுச் சளிதான் உயிரை எடுத்தது என்று ஊர் நம்பியது. அதன் பிறகு எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஸுஹைறாவுக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிய வந்தது. எச்சிலால் அது தொற்றாது என்று கிளினிக்கில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

"பிறகென்னத்துக்கு ராத்தா இந்தக் கிண்ணம்?" என்று நதீரா ஒருமுறை கேட்டாள்.

"நாளைக்கு ஊருக்குத் தெரிய வந்தா, இவள் வாயில வெச்ச நூலாலயா எங்கட உடுப்ப தச்சாள் எண்டு ஒருத்தி இருந்து யோசிப்பாள். பாவம், அந்த யோசனய அவளுக்கு என்னத்துக்குக் குடுக்கோணும்?"

கிளினிக்கில் கொடுத்த மருந்துக் குளிசைகள் பல வருடம் அவளைக் காத்தன. பிறகு அந்தக் குளிசைகளை வைரஸ் பழகிக்கொண்டது. வேறு வகை கொடுத்தார்கள். காலப்போக்கில் அதையும் பழகிக்கொண்டது. அவள் உடம்பு இறங்கத் தொடங்கிய நேரத்தில்தான் கொழும்புக் கிளினிக்கில் ஒரு புதிய மருந்தைப் பற்றிச் சொன்னார்கள். பழைய மருந்துகள் கைவிட்டவர்களுக்கு அது பலன் தருமா என்று பார்க்கும் ஆய்வு. விருப்பமென்றால் சேரலாம், வேண்டாமென்றால் எந்த நேரமும் விலகலாம். சுகமாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

அந்த ஆய்வில் தாதியாக இருந்த கலாராணி, கல்முனை இருக்கும் அதே கிழக்குக் கரையில் தம்பிலுவில்காரி. அவளுடைய பேச்சைக் கேட்டதுமே ஸுஹைறாவுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

"இத ஆட்டுல, கோழியில குடுத்துப் பாத்தாச்சா மிஸ்?"

"எலியில பாத்தாச்சு. மனுசரிலயும் கொஞ்சப் பேருக்குக் குடுத்தாச்சு. ஆனா ஹபாயா தைக்கிற ஆளுக்கு இதுதான் முதல்தரம்."

காலை, பகல், இரவு என்று மூன்று வேளையும் சாப்பாட்டோடு குளிசை போட வேண்டும். பகல் முழுக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வேளை தவறினால் இந்த மருந்தையும் வைரஸ் பழகிக்கொள்ள இடம் கிடைக்கும். தண்ணீர் குறைந்தால் மருந்து சிறுநீரகத்தில் கல்லாகப் படியும். ஸுஹைறா ஒன்றையும் விடாமல் செய்தாள். சில மாதத்தில் அவள் கன்னத்தில் சதை பிடித்தது. இரத்தத்தில் வைரஸ் இறங்கிக்கொண்டு வந்தது.

பிறகு றமழான் வந்தது.

தையல்காரிக்கு றமழான் என்றால் பெருநாள் உடுப்பு. காலையிலிருந்து துணியும் கையுமாகப் பெண்கள் வந்து குந்திக்கொள்வார்கள். பகலில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. அத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சோறு போட்டுச் சாப்பிடுவது? கலாராணியிடம் கேட்டால் நோன்பு பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று ஸுஹைறா கேட்கவே இல்லை. எல்லாரையும் போல நோன்பு பிடித்தாள். பகல் குளிசையை நோன்பு திறந்த பிறகு போட்டாள். மூன்றும் உள்ளே போனால் சரிதானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மாதம் பாதி போனபோது, நப்லா என்ற பள்ளிக்கூட ஆசிரியைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தவள், முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். நப்லாவும் நதீராவும்தான் அவளைத் தூக்கி முச்சக்கர வண்டியில் ஏற்றினார்கள். சிறுநீரகத்தில் கல் என்று தெரிந்ததும் ஆய்வுக் கிளினிக்கிலிருந்து கொழும்புக்கு வரச்சொன்னார்கள். அங்கே வார்டில் வைத்திருந்து, இரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள்.

முடிவோடு வந்த கலாராணி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வைரஸ் திரும்ப ஏறியிருக்கு. அடுத்த தரமும் ஏறினா ஆய்விலருந்து எடுத்துருவாங்க. பிறகு உங்களுக்குத் தாறதுக்கு எங்களிட்ட வேற மருந்து இல்ல, ஸுஹைறா."

"நோம்பு மிஸ்."

"நோம்பு எனக்குத் தெரியாதா? உங்கட ஆக்கள்ற நோம்புக் கஞ்சியக் குடிச்சு வளந்த ஆள் நான். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேணாமெண்டு சொல்லுவீங்க."

"ஓம், சொல்லித்தான் இருப்பன்." கலாராணி அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "நானாவது ஞாபகப்படுத்திக் கேட்டிருக்கோணும்."

அவள் போனதும், துணைக்கு வந்திருந்த நதீரா சொன்னாள்: "நோயாளிக்கு நோம்பு விட அல்லாஹ்வே தவணை குடுத்திருக்கான் ராத்தா. சுகமான பிறகு விட்ட நோம்பக் கழாவாப் புடிச்சுக் கடன அடைக்கலாம்."

"அல்லாஹ் குடுத்திருக்கான் புள்ள. ஊரு குடுக்குமா? பகல்ல சோறு தின்னக் கண்டா என்ன வருத்தம் எண்டு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்ற?"

நதீரா பஸ்ஸில் ஊருக்கு வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில், தைத்த ஹபாயாவைப் போட்டுப் பார்ப்பதற்கு மூலையில் ஒரு திரை கட்டியிருந்தது. நதீரா அதற்குள் ஒரு கதிரையைப் போட்டாள். விடியுமுன் ஸஹருக்குச் சமைத்த சோற்றையும் தேங்காய்ச் சம்பலையும் மூடி வைத்தாள். மீன் பொரித்தால் மணம் தெருமுனை வரை போகும். பகலானதும் ஸுஹைறா ஒரு ஹபாயாவைத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே நிற்கிற யாருக்கோ அளவு பார்க்கப் போகிறவள் மாதிரித் திரைக்குள் போவாள். நதீரா வெளியே திரைக்குக் காவலாக இருந்து பொத்தான் தைப்பாள்.

"உள்ள ஆரு?" என்று கேட்டார், உடுப்புத் தைக்க வந்த பஹ்மியின் உம்மா. நெடுநேரமாகக் காத்திருந்தார்.

"அக்கரைப்பத்து ஆள் மாமி. கொஞ்சம் தடிச்ச ஆள். அளவு சரிவருதில்ல."

"இவ்வளவு நேரமா? ஹபாயாவா தைக்கிறீங்க, பந்தல் போடுறீங்களா?"

"இந்தா முடிஞ்சிரும் மாமி."

"என்னகா, சம்பல் மணக்குது?"

"நோம்பு நாளில எல்லாருக்கும் அப்படித்தான் மாமி மணக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நதீராவும் சிரித்தாள், நோன்பில் உலர்ந்த நாக்கோடு. தண்ணீர்ப் போத்தலைத் திரையின் இடுக்கால் நீட்டினாள். போத்தலை வாங்கிய கை, அவளுடைய விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அதன் புறங்கை கண்ணீரில் நனைந்திருந்தது. ராத்தா அழுதுகொண்டே மெல்லுகிறாள் என்று நதீராவுக்கு விளங்கியது.

இன்னொரு நாள் மின்விசிறிக் காற்றில் திரை விலகிவிட்டது. நேர் எதிரே இருந்தவள் நப்லா. மடியில் பீங்கானும் வாயில் சோறுமாக இருந்த ஸுஹைறாவை அவள் கண்டாள். நப்லா எழுந்தாள். திரைக்கு முன்னால் வந்து, முதுகால் அதை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"பஹ்மிட உம்மா, சந்தைப் பக்கம் புதுத் துணி வந்திருக்காம். வாங்க எல்லாரும் பாத்திட்டு வருவம். இங்க இப்ப வேல முடியிற மாதிரித் தெரியல்ல."

ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஸுஹைறா நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்தாள். நப்லா அதைப் பற்றிப் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. ஊரில் ஒரு வாயும் அதைக் கதைக்கவில்லை.

பெருநாள் கழிந்து எடுத்த இரத்தத்தில் வைரஸ் இறங்கியிருந்தது. சில மாதத்தில் கருவியால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியது. ஆய்வு முடிந்த பிறகும், பலன் கிடைத்தவர்களுக்கு மருந்தைத் தொடர்ந்து கொடுக்கிறார்கள். பகல் குளிசையும் தொடர்கிறது. அதனால் விட்ட நோன்புகளைக் கழா பிடிக்க இன்னும் வழி கிடைக்கவில்லை.

நதீரா யாருக்கோ கேட்பதுபோல மௌலவியிடம் கேட்டு வந்தாள். தீராத நோயாளி என்றால் ஒவ்வொரு நோன்புக்கும் பதிலாக ஏழைக்கு அரிசி கொடுத்தால் போதும் என்று அவர் சொன்னார்.

"குடுத்திருவமா ராத்தா? கடன் முடிஞ்சிரும்."

ஸுஹைறா மெசினை நிறுத்தாமலே இல்லை என்று தலையை ஆட்டினாள். "அது சுகமாகாத ஆளுக்கு. எனக்குச் சுகமாகும். ஒரு நாளைக்கு ஒரு குளிசை போதும் எண்ட மாதிரி இப்ப செஞ்சு பாக்கிறாங்களாம், கலாராணி மிஸ் சொன்னா. அது வரட்டும், ராவைக்கு அதப் போட்டுட்டு எல்லாத்தையும் நானே புடிச்சு அடைப்பன்."

"அதுக்குள்ள இன்னும் எத்தன றமழான் வரும்?"

"வந்தா நல்லந்தானே!"

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு றமழானும் அந்தக் கடனில் ஒரு மாதத்தைக் கூட்டியிருக்கிறது. இந்த வருடத்து மாதமும் சேர்ந்துவிட்டது. ஒரு நோன்பாவது இன்னும் அடைபடவில்லை.