அப்பா திரும்பப் பெற்றுக்கொண்ட சொல்

எங்கள் அப்பா ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றையறைக் காம்பரா ஒன்றில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கொழுந்துச் சாக்குச் சுமந்தவர். பிறகு பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்து எங்கள் நால்வரையும் படிக்க வைத்தார். பொய் பேசவே மாட்டார். ஆனால் பல வருடங்கள் ஒரு பொய்யை நம்பினார். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வேறொரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். அடைமழையில் மலை சரிந்து அத்தையின் லயத்தை மூடியது. "வெளியேறச் சொன்னோம், அவர்கள்தாம் கேட்கவில்லை" என்றது தோட்டத்து ஆபீஸ். ஒவ்வொரு திவசத்திலும் படையல் போட்டுவிட்டு, "புடிவாதக்காரி! சொன்னாக் கேட்டிருந்தா இன்னைக்கி இருந்திருப்பா" என்று அப்பா திட்டுவார். நாங்களும் தலையாட்டுவோம்.

எழுபதுகளின் கடைசியில், கடைக்கு உருளைக்கிழங்கு எடுக்க வெலிமடைக்குப் போன அப்பா, அங்கே மூட்டை தைத்துக்கொண்டிருந்த செல்லம்மா அக்காவைச் சந்தித்தார். அத்தையின் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர். மண்ணுக்குள்ளிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர். அவரிடமும் அப்பா தம் அக்காவைக் குறை சொல்லியிருக்கிறார்.

"யாருண்ணே அப்புடிச் சொன்னது? சொவரு வெடிச்சிருச்சு, வேற எடம் குடுங்கன்னு ஒங்க அக்கா மூணு தடவ ஆபீசுக்குப் போச்சு. லயத்த விட்டுப் போனா வேலப் பதிவுல பேர வெட்டிருவோம்னு சொல்லி, ஒரு வாளி சுண்ணாம்பக் குடுத்து அனுப்புனாங்க. வெடிப்பு மேல பூசுனது நாந்தாண்ணே."

அப்பா அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து அழுதாராம். மறுவாரம் செல்லம்மா அக்காவை அழைத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனார். காலைப் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும் நேரத்தில், சனங்கள் எல்லாரும் நிற்க, நடந்ததை அவரைச் சொல்லச் செய்தார்.

"பழசக் கிளறாதீங்க" என்றார் கணக்கப்பிள்ளை.

"இத்தன வருசமா எங்க அக்கா பேரக் கெடுத்தப்ப இது பழசுன்னு தெரியலியா? கிளறத்தான்யா வந்தேன்!"

ஆபீஸ் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. அப்பா மாற்றிக்கொண்டார். அந்த வருடத் திவசத்தில் உறவினர் அத்தனை பேர் முன்னாலும், "நான் பேசுனது தப்பு, அக்கா" என்று விழுந்து கும்பிட்டார். அவரைப் பற்றி எனக்கு அதைவிடப் பெருமை கிடையாது.

அப்பாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் துணையிருந்தவர்களுக்கும், மழையிலும் பாடை சுமந்தவர்களுக்கும், கடையடைத்துவிட்டு வந்த முதலாளிக்கும், கருமாதிக்கு வந்து எங்களோடு அழுத செல்லம்மா அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அப்பாவின் நினைவு மலரில் இதையெல்லாம் ஏன் போடுகிறாய் என்று சொந்தத்தில் சிலர் கேட்டார்கள். பயப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். நான் கூடுதலாகவே அச்சடித்திருக்கிறேன். அந்த ஆபீசுக்கும் ஒன்று போகிறது.