ஏழாம் நம்பர் ஸ்டிக்கரும் குண்டு லேப்டாப்பும்

வேலையிடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நிஜமாவா' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, "நிஜமாவா?" என்பார். மழை பெய்கிறது என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். பிரசவ அறையிலிருந்து வந்து பெண் குழந்தை என்று சொன்ன நர்ஸிடமும் அதையே கேட்டார். நர்ஸ் உள்ளே போய் மறுபடி பார்த்துவிட்டு வந்ததாகக் கேள்வி.

தொழில் அப்படி. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் 'பத்து பேர்' என்று தகடு சொல்லும். தகட்டை அடித்தவன் லிஃப்டில் ஏறிப் பார்த்தானா என்று இவர் கேட்பார். பத்து ஆள் எடைக்கு இரும்புக் கட்டிகளை ஏற்றி, மேலும் கீழும் ஐந்து முறை ஓட்டி, மோட்டாரைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

இப்போது முழங்கால்கள் இரண்டும் மக்கர் பண்ணிவிட்டன. இனி ஏணி பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். கம்பெனியில் லிஃப்டுக்கு ப்ரோகிராம் எழுதும் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. மூன்று வருடமாக மாலை வகுப்பில் கோடிங் படித்தவர் என்பதால் இரண்டு வாரம் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். லேப்டாப் அவரே கொண்டுவர வேண்டும். தேறினால் வேலை நிலைக்கும், தேறாவிட்டால் வீடு. திங்கட்கிழமை போக வேண்டும். சனிக்கிழமை காலை கடைக்குப் போனார்.

கூடவே மச்சினன் ஒட்டிக்கொண்டான். ஆறு மாதமாக லேப்டாப் வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறவன். ஒன்றுகூட வாங்கியதில்லை.

"மாமா, யோசிக்கவே யோசிக்காதீங்க. ஸ்டிக்கர்ல ஏழு போட்டிருக்கான்ல, அந்த ப்ராசஸர எடுங்க. அஞ்செல்லாம் லெட்டர் டைப் அடிக்கிறவங்களுக்கு. அஞ்ச வச்சுக்கிட்டு கோடிங் பண்றது, செருப்பில்லாம மலை ஏறுற மாதிரி."

"நீ எத்தன மலை ஏறியிருக்க?"

"வீடியோல நாலு ஏறியிருக்கேன்."

ஏழாம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப் தோசைக்கரண்டி மாதிரி மெல்லிசாக, பளபளவென்று நின்றது. நிஜமாவா அதை நெருங்குவதற்குள் ஒரு கடைப் பெண் வந்துவிட்டாள்.

"என்ன வேலைக்கு சார்?"

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற?"

"தெரிஞ்சாதான சார் சொல்ல முடியும்."

வேண்டாவெறுப்பாகச் சொன்னார். நாள் பூரா ப்ரோகிராமை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கும் வேலை. அவள் தலையாட்டிவிட்டு மூலையில் இருந்த குண்டு லேப்டாப்பைக் காட்டினாள்.

"அப்போ அந்த மெல்லிசு வேணாம். இத எடுங்க. அஞ்சுதான், ஆனா தாங்கும். ராம் ரெண்டுலயும் ஒண்ணுதான். விலையும் கம்மி."

"நிஜமாவா?"

விலை கம்மியானதை வாங்கச் சொல்கிற கடையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. மச்சினனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"பழைய சரக்குடா. நம்ம தலையில கட்டப் பாக்குது."

"தூசியே இல்லையே மாமா."

"அதான் சொல்றேன். எதுக்குத் தொடச்சு வச்சிருக்கு?"

அப்போது மனைவியின் போன் வந்தது. "வாங்கியாச்சா?"

"இல்ல. இங்க ஒரு பொண்ணு கம்மி விலையில உள்ளத வாங்கச் சொல்லுது."

"நல்ல பொண்ணா இருக்கும்."

"அதான் எனக்கும் இடிக்குது."

சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். அதில் பயிற்சிக்காக அவர் எழுதிய ப்ரோகிராம் இருந்தது. பன்னிரண்டு மாடிக் கட்டடம், நான்கு லிஃப்ட், ஒரே நேரத்தில் முந்நூறு பேர் பட்டனை அமுக்கினால் எந்த லிஃப்ட் எங்கே போகும் என்று கணக்குப் போடும். வேண்டிய மென்பொருளைக் கடைக்காரர்களே இரண்டு லேப்டாப்பிலும் ஏற்றி வைத்திருந்தார்கள். இரண்டிலும் ஓட்டி, போனில் நேரம் பார்த்தார். மெல்லிசு மூன்று நிமிடத்தில் முடித்தது. குண்டு மூன்றே முக்கால் எடுத்துக்கொண்டது.

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். லேப்டாப் வேகமாக ஓடியதற்கல்ல, பொய் பிடிபட்டதற்கு.

"பாத்தியாம்மா? அஞ்சு தாங்குமாம். என்னையவே ஏமாத்தப் பாத்த. மெல்லிசையே குடு."

அவள் மெல்லிசுக்கு பில் போட்டு, வாரண்டி தாளை அவர் முன் வைத்தாள். "இங்க ஒரு கையெழுத்து சார்."

பேனாவை எடுத்தார். பேனா தாளைத் தொட்டது, நகரவில்லை.

"என்ன மாமா, பேனா எழுதலையா?"

"ஒரு தடவதான ஓட்டினேன்."

"அதான் ஜெயிச்சிடுச்சே."

"ஒரு ஓட்டத்துக்கு நான் என்னைக்குடா கையெழுத்துப் போட்டிருக்கேன்?"

காலையிலிருந்து அத்தனை சந்தேகத்தையும் அந்தப் பெண் மேலேயே செலவழித்துவிட்டார். மெஷினுக்கு மிச்சம் வைக்கவில்லை. பேனாவை மூடிவிட்டுத் திரும்பிப் போனார். இரண்டு லேப்டாப்பிலும் மூச்சுவிட நேரம் கொடுக்காமல் இன்னும் நான்கு முறை ஓட்டினார். மெல்லிசு இரண்டாவது முறை மூன்றரை நிமிடம் எடுத்தது. மூன்றாவதில் விசிறி ஊளையிட ஆரம்பித்தது. ஐந்தாவதில் ஐந்தேகால் நிமிடம். அடிப்பக்கம் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். சூட்டை வெளியே தள்ள உள்ளே இடமில்லாமல், ஏழாம் நம்பர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. குண்டு ஐந்து முறையும் அதே மூன்றே முக்கால்.

மச்சினன் கூரையில் விளக்குகளை எண்ண ஆரம்பித்தான். "வீடியோல அவன் ஒரு தடவதான் ஓட்டினான் மாமா."

நிஜமாவா கடைப் பெண்ணிடம் போனார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று மச்சினன் நினைத்தான்.

"இத முதல்லயே சொன்ன. உனக்கு என்ன லாபம்?"

"சாயங்காலம் ரிப்பேர் கவுன்ட்டர்ல உக்கார்றது நான்தான் சார். மெல்லிச வாங்கிட்டுப் போய், சுடுது, திணறுதுன்னு திரும்ப வந்து கத்துறவங்க எல்லாம் என்கிட்டதான் கத்துவாங்க. நீங்க கத்துற ஆளாத் தெரிஞ்சுது."

காலையிலிருந்து அவர் கேட்டதில் நம்பும்படியான பேச்சு இது ஒன்றுதான்.

"சரி, குண்டையே குடு."

திங்கட்கிழமை, பிரிவின் தலைவி அந்த லேப்டாப்பைப் பார்த்து, "செங்கல் எடுத்துட்டு வந்திருக்கீங்களா?" என்றார். உண்மையான ஒரு கட்டடத்தின் ப்ரோகிராமைக் கொடுத்து, எங்கோ பிசகுகிறது, கண்டுபிடியுங்கள் என்றார். நிஜமாவா மாற்றினார், ஓட்டினார், மறுபடி மாற்றினார். எத்தனை தடவை ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. எதிர் மேசை இளைஞனின் மெல்லிசு லேப்டாப் மத்தியானத்துக்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. குண்டு கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வாரம் புதன்கிழமை பிசகு பிடிபட்டது. ஏழாவது மாடியில் நிற்கிற லிஃப்ட், ஆள் ஏறும் முன்பே ஆள் ஏறியதாக நம்பிக் கிளம்பிவிடுகிறது.

"மூணு மாசமா யாருக்கும் சிக்கல. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் தலைவி.

"அது சொன்னத நான் நம்பல மேடம்."

தலைவி சிரித்துவிட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்க வேணாம். இந்த மேசை இனி உங்களுக்குத்தான்."

"நிஜமாவா?" என்று கேட்டுவிட்டு, நிஜமாவா வலிக்கிற முழங்காலை மடக்கி, மேசைக்கு அடியில் குனிந்து நான்கு கால்களையும் ஆட்டிப் பார்த்தார்.