முனியம்மாள் வைத்த கைநாட்டு

பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே சாட்சி யார் என்று கேட்டு வாயை அடைப்பவள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், அதுவும் சென்னையில் தங்கி பி.எல். படிக்கிறவள், இதையெல்லாம் நம்புவேனா? நீங்களும் நம்ப வேண்டாம், நடந்ததை மட்டும் கேளுங்கள்.

இரண்டாம் வருஷப் பரீட்சைக்கு லீவு விட்டிருந்தார்கள். திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் தங்கைகள் சத்தம் தாங்காமல், நைனா மோட்டார் போடுகிற பம்புசெட் ரூமில் உட்கார்ந்து சாட்சியச் சட்டத்தை மனப்பாடம் பண்ணுவேன்.

"உச்சி வெயில்ல அங்க போவாத, இன்னாவாவது புடிச்சிக்கும்" என்றாள் அம்மா.

"புடிச்சா அதுக்கும் செக்‌ஷன் சொல்லிக் குடுக்கறேன்" என்றேன்.

ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல். கரண்டு போய் மோட்டார் நின்றிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும்.

"வக்கீலுக்குப் படிக்கிற பொண்ணு நீதான?"

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை, எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து ஊராம், முனியம்மாளாம், புருஷன் இல்லை, அவளும் செத்துவிட்டதாக எழுதி நிலத்தைக் கொழுந்தன் பெயருக்கு மாற்றிவிட்டார்களாம்.

"நான் உசுரோட கீறன்னு மனு எழுதிக் குடும்மா. அது போதும்."

எழுதினேன். என் பேனா மையையே விரலில் தடவிக் கைநாட்டு வாங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். 'என் முன்னிலையில் வைத்தது' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டு, பி.எல். மாணவி என்றும் சேர்த்தேன், பெருமைதான்.

"நீ பாத்தேன்னு எழுதிட்ட இல்ல" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

பத்து நாளில், பக்கத்து ஊரில் நிலக் கணக்கு எழுதுகிற கர்ணம் ஆள் அனுப்பினார். மனு தாலுகா ஆபீசுக்குப் போய் அவரிடம் விசாரணைக்கு வந்திருந்தது, யார் கொண்டுபோய்க் கொடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. விஷயத்தைக் கேட்டதும் நைனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அவ செத்து ரெண்டு வருசம் ஆவுது. சாவறதுக்கு முன்னயே செத்துட்டான்னு எழுதிட்டாங்கன்னு அப்ப ஊரே பேசிச்சு" என்றார் வழியில்.

கர்ணம் மனுவை என் முன்னால் போட்டார். "செத்தவ கைநாட்டுக்கு சாட்சி போட்டுக்கீறியே, கேஸ் ஆனா கறுப்புக் கோட்டு ஏது?" என்றவர், முனியம்மாளின் பழைய கிரயப் பத்திரம் ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "பாரு, இதான் அவ கைநாட்டு."

நைனாவுக்கு எழுத்து தெரியாது, ஆயுசுக்கும் கைநாட்டு வைத்தவர், ரேகை தெரியும். குனிந்து பார்த்தார்.

"சாமி, குறுக்கால அரிவா வெட்டு. ரெண்டுலயும் கீதே."

கர்ணம் பத்திரத்தைச் சட்டென்று மடித்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "யாரையும் பாக்கலன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. உன் படிப்புல நான் கை வைக்கல."

நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை போகம் கூலிக்கு உழைத்து என்னைப் படிக்க வைத்தவர். எழுதினேன், அப்படி யாரையும் நான் பார்க்கவில்லை என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கர்ணம் தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "கையெழுத்துதான் போட்டியே, கைநாட்டு எதுக்கு?"

என் விரலை விரித்துக் காட்டினேன், ஒரு பொட்டு மை இல்லை. என் கையெழுத்துக்குக் கீழே ஈரம் காயாமல் நீல மையில் ஒரு ரேகை, குறுக்கே வெள்ளையாக அந்த வெட்டு. கர்ணம் அந்தத் தாளைக் கீழே போட்டவர் திரும்ப எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

போன வருஷம் வக்கீலாகப் பதிவு செய்துவிட்டேன். காஞ்சிபுரம் கோர்ட்டில் என்னைத் துணிச்சல்காரி என்கிறார்கள். ஆனால் எதில் கையெழுத்துப் போட்டாலும் உடனே பேனாவை மூட மாட்டேன், கீழே இருக்கும் வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.