காக்காவின் புள்ளி

நான் செய்கிற வேலையை ஊரில் விளங்கப்படுத்திச் சொல்லி அலுத்துப் போனேன். "பிளேன் ஓட்டுறியா?" என்று கேட்பார்கள். "இல்ல, பிளேனுக்குச் சாமான் பூட்டுற" என்றால் முகம் தொங்கிவிடும். வளைகுடா நாடொன்றில், பறக்கப் பழகுகிறவர்களின் சின்ன விமானங்களுக்கு ஒரு கருவி பூட்டுகிறேன். விமானத்தின் எண், அது நிற்கிற இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே அந்தக் கருவி சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். வயிற்றுப் பக்கத் தகட்டில் துளை போட்டு, அண்டெனா வைத்து, வயர் இழுத்து முடித்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். உள்ளே இருக்கிற எண் இந்த விமானத்தினுடையதா? ஒன்றிலிருந்து கழற்றியதை இன்னொன்றில் பூட்டி, எண்ணை மாற்ற மறந்தால் சோலி முடிந்தது. அதைப் பார்க்கிறவர்களின் திரை எதையும் நம்பிவிடும். இல்லாத விமானத்தை இதோ நிற்கிறது என்று காட்டும்.

என் காக்கா, அதாவது அண்ணன், கடல் தொழில். இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் கல்யாணம் முடித்து மதினியின் வீட்டோடு இருந்தார். சின்ன எஞ்சின் வள்ளம் ஒன்று வைத்துக்கொண்டு தனியாகத்தான் போய் வருவார். கச்சான் காற்றுக் காலத்தில் எஞ்சின் நின்றால் வள்ளத்தைக் கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயத்தில்தான் ஒரு லீவுக்கு வரும்போது வள்ளத்துக்குப் பூட்டுகிற கருவியொன்றை வாங்கி வந்தேன். கைக்குள் அடங்குகிற பெட்டி. வள்ளம் எங்கே நின்றாலும் போனில் ஒரு புள்ளியாகக் காட்டும். காக்காவின் வள்ள எண்ணை நானே பதிந்து, வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் பூட்டிக் கொடுத்தேன். "பிளேனுக்குப் பூட்டுறவன் என்ட தோணிக்கும் பூட்டிட்டான்!" என்று கடற்கரை முழுக்கச் சொல்லித் திரிந்தார் மனுசன்.

வந்தது வினை. எங்கள் கடலில் யாரும் தன் பாரைக் காட்டிக் கொடுப்பதில்லை. பார் என்றால் கடலுக்கடியில் மீன் கூடுகிற கல். "எங்க பட்டது?" என்று கேட்டால் "அங்கால" என்று முழுக் கடலையும் கையால் காட்டுவார்கள். மதினியின் தம்பி, என் மச்சான், தன் ராத்தாவின், அதாவது மதினியின், போனில் அந்தப் புள்ளியை எட்டிப் பார்த்துவிட்டான். அடுத்த தரம் காக்கா போனபோது அந்தப் பாரில், பல நாள் கடலில் தங்குகிற மச்சானின் பெரிய வள்ளம் முன்னமே நின்றது.

காக்கா போனில் கத்தினார். "நான் மூடி வெச்ச வாய நீ தொறந்து உட்டுட்டியேடா!"

"உசிரு பெருசா, மீன் பெருசா காக்கா?"

"நீ சம்பளக்காரன். ஒனக்கு விளங்காது."

பிறகும் அவர் கருவியைக் கழற்றவில்லை என்றே நினைத்தேன். புள்ளி எப்போதும்போலக் கடலில் அசைந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் வடக்கே போகிறாரே, புதுப் பார் பிடித்துவிட்டாராக்கும் என்று சந்தோசப்பட்டேன்.

அடுத்த லீவில் நான் ஊரில் நின்றபோதுதான் அது நடந்தது. கச்சான் பலமாக அடித்த ஒரு நாள் எல்லாச் சின்ன வள்ளமும் கரைக்கு வந்தன, காக்காவினது வரவில்லை. நான் போனை நீட்டினேன். "பயப்படாதீங்க மதினி. இந்தா இரிக்காரு, வடக்குல." மறுநாளும் வரவில்லை. தேடுகிற அதிகாரிகளிடம் அந்த இடத்தைக் கொடுத்தேன். இதே வேலை செய்கிறவன் சொல்கிறான் என்று அவர்களும் நம்பினார்கள். சின்ன விமானமொன்று கிளம்பியது. பொழுதுபோக்குக்காக மதினி வீட்டு முகட்டில் நானே கட்டிவைத்த அண்டெனாவால் அது போகிற பாதை மடிக்கணினியில் தெரிந்தது. நேரே போய் அந்த இடத்தைச் சுற்றியது. வீடு முழுக்க அல்ஹம்துலில்லாஹ் சொன்னது.

பிறகு தகவல் வந்தது. கீழே நின்றது காக்காவின் வள்ளம் இல்லை. வள்ளத்தின் எண் வேறு.

அது மச்சானின் வள்ளம். ஐஸ் பெட்டிக்குக் கீழே, பொலித்தீனில் சுற்றி, வள்ளத்து பெட்டரியிலிருந்து வயரும் இழுத்து, காக்காவின் கருவி கிடந்தது. தன் பாரைத் திருடியவனின் வள்ளத்திலேயே அதை ஒளித்து வைத்திருக்கிறார். பார்க்கிறவன் தன்னையே பார்த்துக்கொண்டு திரியட்டும் என்று சிரித்திருப்பார். கரைக்கு வந்த மச்சான் மணலில் குந்தித் தலையில் அடித்துக்கொண்டான். "எனக்குத் தெரியா மச்சான், அல்லாஹ் மேல ஆணையாத் தெரியா." அவனை அறைய வேண்டும் போலவும் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

விமானம் பிறகு தெற்கே, காக்காவின் பழைய பாரின் பக்கம் போனது. அதற்குள் கச்சான் எவ்வளவு தூரம் தள்ளியிருக்குமோ. பக்கத்து ஊரான காரைதீவு ஆட்களும் தங்கள் வள்ளங்களை இறக்கித் தேடினார்கள். நான் திரைக்கு முன்னால் இருந்தேன். விமானம் வயல் உழுவதுபோல் போய்த் திரும்பி, போய்த் திரும்பி வந்தது. அதன் உயரம் தெரியும், வேகம் தெரியும், எந்த இடத்தில் திரும்புகிறது என்று தெரியும். மதினி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தேடுற பிளேன்ட புள்ளி தெரியிதே தம்பி. அவர்ட புள்ளி எங்க?"

படித்த படிப்பு, பூட்டிய விமானங்கள், ஒன்றுக்கும் உதவவில்லை. காக்கா மேல் வந்த கோபத்தில் அழுதேன். ஒரு கல்லுக்காகவா காக்கா? மீன் ஒதுங்குகிற ஒரு கல்லுக்காகவா?

தேடுவதை நிறுத்தினார்கள். இறந்தவர்களுக்காக ஓதுகிற யாசீனை வீட்டில் ஓதினார்கள். பள்ளிவாசல் பக்கத்துப் பெரியவர்கள் வந்து, மதினி இத்தா இருப்பது பற்றி மெதுவாகக் கதை எடுத்தார்கள். கணவன் மௌத்தானால் மனைவி வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. மதினி திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரே சொல்லில் முடித்தார்.

"அவர் மௌத்து எண்டு ஆரு கண்ட?"

நான் திரும்பிப் போகிற நாள் காலையில் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"இத நம்மட ஊட்டு முகட்டுல பூட்டித் தாங்க தம்பி. அவர் எங்க இரிக்காரு எண்டு நமக்குத் தெரியா. நாம எங்க இரிக்கம் எண்டு அவருக்காவது தெரியட்டும்."

அதைப் பார்க்கக் காக்காவின் கையில் ஒன்றும் இல்லை. ஏறிப் பூட்டினேன். பழக்கதோசத்தில் உள்ளே இருந்த எண்ணைப் பார்த்தேன். காக்காவின் வள்ள எண். அதை மாற்றவில்லை.

இப்போது வேலைத்தலத்தில் மதியச் சாப்பாட்டு நேரங்களில் போனைத் திறந்து பார்க்கிறேன். காக்காவின் வள்ளம் சாய்ந்தமருதில், மதினியின் வீட்டில் நிற்கிறது. அசைவதில்லை. பெட்டியில் சார்ஜ் குறைந்தால் புள்ளி மங்கும். இதுவரை மங்கவில்லை. மதினி ஏணி வைத்து ஏறிக் கழற்றி, சார்ஜ் போட்டு, திரும்பப் பூட்டுகிறாராம்.